வாசகர் கேள்வி பதில்: கோபே குடிசைக்குக் குடிபோன போதகர்

'கூட்டுறவு இயக்கத்துக்கு உழைத்த மதகுருமார்கள் யாராவது உண்டா?' என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். ஜப்பானின் டொயோஹிகோ ககாவா என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தேன். 'யார் அவர், அரைகுறையாக விட்டுவிட்டீர்களே' என்று கடிதங்கள் வந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அவரைப் பற்றித்தான்.

ககாவாவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் ஐயா.
*வாசகி, நாகர்கோவில்*

1888-ல் கோபே துறைமுக நகரில் பிறந்தவர். அப்பா வசதியானவர். அம்மா அவருக்குத் தாலி கட்டிய மனைவி இல்லை, கெய்ஷாவாக, அதாவது விருந்துகளில் ஆடிப் பாடி மகிழ்விக்கிற பெண்ணாக இருந்தவர். சின்ன வயதிலேயே இருவரையும் பறிகொடுத்த பையனை டொகுஷிமாவில் அப்பா வீட்டாரிடம் கொண்டுபோய் விட்டார்கள். வைப்பாட்டி பிள்ளை என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தார். ஆங்கிலம் படிக்கப்போன இடத்தில் இரண்டு அமெரிக்க மிஷனரிகள் அவரைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார்கள். 1904-ல் ஞானஸ்நானம் பெற்றார்.

இறையியல் படிக்கும்போதே காசநோய். அன்றைக்கு அதற்கு மருந்து கிடையாது. எப்படியும் அதிக நாள் இருக்கப்போவதில்லை, இருக்கிற நாளை ஏழைகளோடு கழிப்போம் என்று முடிவெடுத்தார். 1909 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சாமான்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு கோபேயின் ஷின்காவா குடிசைப் பகுதிக்குக் குடிபோனார். வயது 21. கிடைத்த வீட்டில் முன்பு ஒரு கொலை நடந்திருந்தது. ஆவி இருக்கிறது என்று யாரும் வராததால் காலியாகக் கிடந்த வீடு அது.

தங்க இடமில்லை என்று வந்தவரையெல்லாம் அந்தச் சின்ன அறையில் சேர்த்துக்கொண்டார். பிச்சைக்காரர்களோடு ஒரே படுக்கையில் படுத்ததில் டிரக்கோமா கண்நோய் தொற்றிக்கொண்டது. சாகும்வரை அந்தக் கண்களோடு அவதிப்பட்டார்.

ஷின்காவாவில் அவரை அதிகம் உலுக்கியது குழந்தைகளின் சாவு. வேண்டாத குழந்தையை யாராவது கொஞ்சம் பணத்தோடு ஒப்படைப்பார்கள். வாங்கியவர் பணத்தை எடுத்துக்கொண்டு, வெறும் கஞ்சித்தண்ணீரை ஊற்றிச் சாகவிடுவார். அப்படிச் செத்துக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தையைக் ககாவா தூக்கிவந்து, கல்யாணம் ஆகாத இளைஞராக இருந்தும், ராத்திரி கண்விழித்துப் பால் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். பிரசங்கம் செய்கிற எத்தனையோ பேரை நாம் பார்த்திருக்கிறோம். இவரிடம் எனக்குப் பெரிதாகப் படுவது இந்தப் பால் புட்டிதான்.

போதகர் ஏழைகளுக்கு உதவலாம். வேலைநிறுத்தத்துக்கு ஏன் தலைமை தாங்க வேண்டும்? அது அரசியல் இல்லையா?
*வாசகர், திண்டுக்கல்*

இதே கேள்வியைக் ககாவாவிடம் அன்றைக்கே சபைக்காரர்கள் கேட்டார்கள் தம்பி. 1914-ல் அவர் அமெரிக்கா போய் பிரின்ஸ்டனில் படித்தார். நியூயார்க்கில் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடி ஊர்வலம் போனதைப் பார்த்தது அவர் மனதில் தங்கிவிட்டது. திரும்பி வந்தபோது ஷின்காவா அப்படியேதான் இருந்தது. ஒருவருக்குச் சோறு போட்டால் அடுத்த வாரம் பத்துப் பேர் வந்து நிற்கிறார்கள். கூலி உயராமல், விலை இறங்காமல் இது தீராது என்று அவருக்குப் புரிந்தது. 1918-ல் அரிசி விலை ஏறி ஜப்பான் முழுக்கக் கலவரம் வெடித்தது. கோபேயில் சுசுகி என்ற பெரிய வணிக நிறுவனத்தின் கட்டடத்தையே கொளுத்திவிட்டார்கள்.

1921-ல் கோபேயின் கவாசாகி, மிட்சுபிஷி கப்பல் கட்டும் தளங்களில் 30,000 பேருக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர் ககாவா. யாரும் கை ஓங்கக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். போலீஸ் அவரைப் பிடித்து உள்ளே வைத்தது. வேலைநிறுத்தமும் தோற்றது.

ஆனால் அதே 1921-ல் வேறொன்று முளைத்தது. கோபேயிலும் பக்கத்தில் நாடாவிலும் இரண்டு நுகர்வோர் கூட்டுறவு சங்கங்கள். நாடா சங்கத்தைத் தொடங்கியவர் நாசு ஜென்ஜி என்ற பணக்காரர். சொத்தை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்த வழி கேட்டு வந்தவரிடம், தர்மம் செய்ய வேண்டாம், கூட்டுறவு தொடங்குங்கள் என்றார் ககாவா. நம் ஊர் கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். பங்குத்தொகை கட்டிய ஒரு வீட்டுப் பெண்மணி, 'இது எங்க கடை, எடை ஏன் குறையுது?' என்று சட்டமாகக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். இலவச அரிசி வாங்க வரிசையில் நின்றால் அந்தக் குரல் வராது. ககாவா ஏன் அந்தப் பக்கம் போனார் என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

அடுத்த வருடமே விவசாயிகள் சங்கமும் தொடங்கினார். அவருடைய சுயசரிதை நாவல் ஒன்று அமோகமாக விற்றது. வந்த பணத்தில் பெரும்பகுதி இந்தச் சங்கங்களுக்கும் ஷின்காவாவுக்கும் போனது.

அவர் மனைவியும் குடிசையில்தான் இருந்தாரா?
*வாசகி, தஞ்சாவூர்*

இருந்தார். ஹாரு அம்மையார் அச்சுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1913-ல் கல்யாணம். அவருக்கும் டிரக்கோமா தொற்றி ஒரு கண்ணில் பார்வை போனது. கணவர் அமெரிக்காவில் இருந்தபோது யோகோஹாமாவில் இறையியல் படித்தார். பிறகு உழைக்கும் பெண்களுக்காக ஒரு சங்கமும் தொடங்கினார். இன்னும் நிறைய எழுதப்பட வேண்டியவர்.

ஜப்பானில் தீண்டாமைக்கு ஆளான புராக்குமின் மக்களை ககாவாவே இழிவாக எழுதினார் என்று படித்தேன். உண்மையா? உண்மை என்றால் அவரை ஏன் கொண்டாட வேண்டும்?
*வாசகர், விழுப்புரம்*

உண்மை. 1915-ல் அவர் வெளியிட்ட, ஏழைகளின் மனநிலையைப் பற்றிய ஆய்வு நூலில் அது இருக்கிறது. புராக்குமின் மக்கள் வேறு இனத்திலிருந்து வந்தவர்கள், குற்றத்துக்கு எளிதில் ஆளாகிறவர்கள் என்ற பொருளில் எழுதினார். சட்டத்தில் அந்தப் பாகுபாட்டை 1871-லேயே ஒழித்தாகிவிட்டது. 1915-ல் ஒரு போதகர் அதற்கு 'அறிவியல்' சாயம் பூசினார். அந்த மக்களோடு ஒரே தெருவில் வாழ்ந்துகொண்டே எழுதினார் என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று நான் சமாதானம் சொல்லமாட்டேன். 1922-ல் புராக்குமின் இளைஞர்கள் கியோட்டோவில் கூடிச் சமத்துவச் சங்கம் தொடங்கினார்கள். தங்கள் கொடியில் இயேசுவின் முட்கிரீடத்தைப் பொறித்தார்கள். அந்த இளைஞர்களில் சிலர் முன்பு ககாவாவிடம் வந்துபோனவர்கள். அவர் எழுத்தின் மீதான கோபம் பல வருடம் ஆறவில்லை. 1980-களில் ஜப்பானியச் சபைகளுக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. நடக்க வேண்டியதுதான். குழந்தைக்குப் பால் கொடுத்ததும் இந்த எழுத்தும் ஒரே கையால் நடந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் நம் ஊர் வாசகருக்குச் செய்கிற துரோகம்.

அவர் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறாரா?
*வாசகர், தாம்பரம்*

உங்கள் ஊருக்கேதான் வந்தார்! 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. பல நாடுகளிலிருந்து 400-க்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். அவர்களில் ககாவாவும் ஒருவர். அப்போது ஜப்பான் சீனாவை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது.

மாநாடு முடிந்து, 1939 ஜனவரியில் குஜராத்தின் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் இருந்தால் என் கருத்தைப் பகிரங்கமாகச் சொல்லிச் சுடப்பட்டுச் சாவேன் என்றார் காந்தி. கூட்டுறவும் மற்ற வேலைகளும் தராசின் ஒரு தட்டில், நாட்டின் மானம் மறு தட்டில். மானம் விலைபோகிறது என்றால் ஜப்பானுக்கு எதிராகவே பேசிவிடுங்கள் என்றார்.

1940-ல் போருக்கு எதிரான பேச்சுக்காக ராணுவப் போலீஸ் ககாவாவைப் பிடித்துப்போனது. சில வாரங்களில் விட்டுவிட்டது. ஆனால் போரின் கடைசிக் காலத்தில் அமெரிக்காவைக் கண்டித்து வானொலியில் பேசினார். காந்தி கேட்ட அளவுக்கு அவர் போகவில்லை. சங்கங்கள் பிழைத்துக்கொண்டன, கோபேயும் நாடாவும் 1962-ல் ஒன்றாகி, இன்றைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் உறுப்பினர்களோடு நடக்கின்றன. சங்கம் மூடிப்போய்விடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்ட செயலாளர்களை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை, ககாவா மேலும் வரவில்லை. ஆனால் காந்தி அவரிடம் சொன்னது சொல்ல வேண்டியதுதான்.