எண்கள் பொருந்துகின்றனவாம்: பழைய ஸ்னைப்பர் ரைபிள் வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் லீட்ஸில் இருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலப் பொருட்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. செயலிழக்கச் செய்த, அதாவது இனிச் சுட முடியாத, லீ-என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 (டி) என்ற பிரிட்டிஷ் ராணுவ ஸ்னைப்பர் ரைபிள் ஒன்றை ஒருவர் விற்கிறார். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), அதன் தகர டின், மரப்பெட்டி, தோல் வார் எல்லாம் சேர்ந்த செட். "எண்கள் அத்தனையும் பொருந்தும், என் தாத்தா நார்மண்டியில் சுட்டது" என்கிறார். விலையோ சாதாரண நம்பர் 4 ரைபிளைப் போலப் பல மடங்கு. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் தாத்தாவை ஓரமாக உட்கார வையுங்கள். ரைபிள் அரசாங்கச் சொத்து. சிப்பாய் அதைத் திருப்பி ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். கதைக்காக ஒரு பவுண்டு கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

இந்த ரைபிளில் ஏமாற்றுவது சுலபம், ஏனென்றால் அடிப்படையில் இதுவும் ஒரு நம்பர் 4 தான். தொழிற்சாலையில் நன்றாகச் சுட்ட ரைபிள்களைப் பொறுக்கி எடுத்து, 1942 முதல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் துப்பாக்கி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானவை பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கி நிறுவனத்தின் ஷெர்லி ஆலையில் செய்தவை. ஹாலண்ட் அண்ட் ஹாலண்டில் இடப்பக்கத்தில் ஸ்கோப் பிராக்கெட்டுக்கான இரண்டு இரும்புத் தட்டுகளைப் பொருத்தி, தோள்கட்டைமேல் கன்னத்துக்கு ஒரு மரத்துண்டைத் திருகி, ஸ்கோப்பைச் சேர்த்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேல் இப்படி மாற்றப்பட்டன. அதே வேலையை இன்று ஒரு நல்ல பட்டறையில் யாரும் செய்துவிடலாம். தட்டு, பிராக்கெட், கன்னக்கட்டை எல்லாம் புதிதாகவே செய்து விற்கிறார்கள்.

ஆகவே, நேரில் போகும்போது ஒரு டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துப் போங்கள். பிராக்கெட்டின் இரண்டு பெரிய திருகுகளைத் தளர்த்தி ஸ்கோப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே பாதி பதில் கிடைத்துவிட்டது. கழற்றியதும் தட்டுகளின் ஓரத்தைப் பாருங்கள். பல அசல்களில் தட்டைத் திருகியதோடு பற்றவைப்பும் உண்டு. திருகுகள் அசையாதபடி உளியால் குத்தி இறுக்கியிருப்பார்கள். அந்தக் குத்தில் எண்பது வருட அழுக்கு படிந்திருக்க வேண்டும். உலோகம் பளபளவென்று தெரிந்தாலோ, சுற்றியுள்ள பூச்சு மட்டும் வேறு நிறமாக இருந்தாலோ, பின்வேலை நடந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: முன்தட்டு தளர்வது அசலிலேயே தெரிந்த நோய். ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர்களே திரும்பப் பொருத்தியதும் உண்டு. அதனால் 'மறுவேலை' என்பதும் 'போலி' என்பதும் ஒன்றல்ல.

கண்ணால் குறிபார்ப்பதற்கான பின் சைட்டையும் பாருங்கள். மடக்கினால் மேலே வரும் பெரிய துளையை, ஸ்கோப் இடிக்காமல் இருக்கத் தேய்த்து எடுத்திருப்பார்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

முத்திரைகளுக்கு வருவோம். ரிசீவரின் (ரைபிளின் நடு உலோக உடல்) இடப்பக்கத்தில் 'டி', பெரும்பாலான பி.எஸ்.ஏ. ரைபிள்களில் தோள்கட்டை பொருந்தும் இடத்தில் 'டி.ஆர்.', கட்டையின் பிடிப்பகுதிக்கு அடியில் 'எஸ்51'. கடைசியது ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் குறியீடு. ஆனால் எழுத்து அச்சுகளைக் கடையில் வாங்கலாம். மரத்தில் அடித்த முத்திரையை மட்டும் கவனித்துப் பாருங்கள்: பழையதில் எண்ணெயும் கைவியர்வையும் இறங்கி உள்ளே கறுத்திருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். புதியதில் நார் உடைந்து வெளிறித் தெரியும். சாயம் தடவினால் மறையும், ஆனால் பக்கத்துக் கீறல்களோடு ஒட்டாது.

இப்போது 'எண்கள் பொருந்தும்' என்ற வாசகம். ரைபிளின் எண் பிராக்கெட்டில் இருக்கும். ஸ்கோப்பின் எண், கட்டையின் கழுத்தில், மேற்புறம் அடிக்கப்பட்டிருக்கும். ஸ்கோப் பழுதானால் ஆர்மரர் வேறொன்றைப் பொருத்தி, பழைய எண்ணின்மேல் கோடு போட்டுப் புதியதை அடிப்பார். எனக்குப் பிடித்தது இந்த அடித்துத் திருத்திய கட்டைதான். கோடு போட்ட எண்ணை வேலை மெனக்கெட்டுப் போலி செய்பவர் அபூர்வம். எல்லாமே ஒரே எண்ணில், ஒரே ஆழத்தில், ஒரே எழுத்துருவில் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

ஸ்கோப் நம்பர் 32, மூன்று மடங்கு பெரிதாக்குவது. அதிலும் மூன்று மார்க்குகள், அதாவது வடிவங்கள். குழாயிலேயே எழுதியிருக்கும்: மார்க் 1-க்கு ஓ.எஸ். 466, மார்க் 2-க்கு 1650, மார்க் 3-க்கு 2039. 1942-இல் மாற்றிய ரைபிளில் மார்க் 3 இருந்தால் பின்னால் மாற்றியது. அது குற்றமில்லை, ஆனால் 'பிறந்ததிலிருந்து சேர்ந்தே இருந்தவை' என்ற பேச்சு பொய். உள்ளே குறிக்கான கம்பமும் குறுக்குக் கம்பியும் தெளிவாகத் தெரிகின்றனவா, லென்ஸில் பூஞ்சை உண்டா, குறியைச் சரிசெய்யும் டிரம்கள் (திருகு குமிழ்கள்) சொடுக்குச் சொடுக்காகத் திரும்புகின்றனவா என்று பாருங்கள். அசல் ஸ்கோப் மட்டுமே சாதாரண நம்பர் 4 ஒன்றைவிட விலை போகும். ஆகவே உங்கள் பணத்தில் பெரும்பகுதி இதில்தான் போகிறது.

டின், மரப்பெட்டியின் எண்கள் பெயின்ட்டால் எழுதியவை. யாரும் எழுதலாம். அமெரிக்க மாடல் தோல் வாரும் அப்படியே. பழைய தேதி அடித்த நகல்கள் நிறைய. இவற்றை ரைபிளுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இலவச இணைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பவரிடம் ரைபிளுக்கு எவ்வளவு, ஸ்கோப்புக்கு எவ்வளவு, மற்றவற்றுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்த விலையைச் சொல்ல முடியாதவர் மொத்த விலையில் எதையோ ஒளித்துவைத்திருக்கிறார்.

செயலிழக்கச் செய்ததற்கு லண்டன் அல்லது பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸ் (துப்பாக்கிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) சான்றிதழ் இருக்க வேண்டும். அதில் உள்ள எண்ணை ரைபிளின் எண்ணோடு ஒப்பிடுங்கள். சான்றிதழ் 2016-க்கு முந்தையது என்றால், இன்றைய விதிப்படி அதை விற்கலாமா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: விற்பவர் கடைக்காரர் அல்ல, தனிநபர். பிறகு போலி என்று தெரிந்தால் பணம் திரும்புமா?

பதில்: கடைக்காரராக இருந்தால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத பொருளை 30 நாளுக்குள் நிராகரித்துப் பணம் கேட்கலாம். தனிநபரிடம் அந்த வசதி இல்லை. ஆனாலும் அவர் சொன்ன விவரம் உண்மையாக இருக்கத்தான் வேண்டும். அதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். ரசீதில் 'பழைய ரைபிள் ஒன்று' என்று எழுத விடாதீர்கள். 'ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மாற்றிய அசல் நம்பர் 4 (டி), ஸ்கோப் எண் இது, பிராக்கெட் எண் இது, பொருந்தும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அந்த வரியை எழுதும்போது அவருடைய பேனா எங்கே தயங்குகிறது என்று பாருங்கள்.