கெர்னலில் பூட்டுகளும் டெட்லாக்கும்: கேள்வி பதில்

லினக்ஸ் கெர்னலில் டிரைவரோ ஃபைல் சிஸ்டமோ எழுதத் தொடங்கியவர்கள் பூட்டுகளை (ஒரு தரவைப் பலர் ஒரே நேரத்தில் தொட்டுக் கெடுக்காமல் காப்பவை) பற்றி அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, டெட்லாக் (ஒருவர் வைத்திருப்பதற்காக இன்னொருவர் காத்து எல்லோரும் நின்றுபோவது) நிகழ நான்கு நிபந்தனைகளும் ஒருசேர அமைய வேண்டும் என்று கல்லூரியில் படித்தோம். அவற்றில் எதைக் கெர்னல் தடுக்கிறது?

பதில்: அந்த நான்கையும் 1971-இல் கோஃப்மனும் உடன் எழுதியவர்களும் வகுத்துக் கொடுத்தார்கள்: ஒரு வளத்தை ஒரு நேரத்தில் ஒருவரே வைத்திருப்பது, கையில் ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருப்பது, வைத்திருப்பவரிடமிருந்து அதைப் பிடுங்க முடியாதது, காத்திருப்பு சுற்றிவந்து ஒரு வட்டமாக மூடிக்கொள்வது. கெர்னலில் பூட்டைப் பிடுங்கும் பேச்சுக்கே இடமில்லை. ஒரு லிங்க்டு லிஸ்டின் முன்சுட்டியை மாற்றிவிட்டுப் பின்சுட்டியை மாற்றுவதற்குள் பூட்டைப் பறித்துக்கொண்டால், அடுத்து வருபவர் பாதி அறுந்த லிஸ்டைத்தான் பார்ப்பார். படிப்பவர்களுக்குப் பூட்டே தேவைப்படாதபடி செய்யும் ஆர்சியூ முறை 2002-இல் லினக்ஸுக்குள் வந்து முதல் நிபந்தனையைப் பல இடங்களில் தளர்த்தியிருக்கிறது என்றாலும், எழுதுபவர்களுக்குப் பூட்டு இன்னும் வேண்டியிருக்கிறது.

ஆகவே நம் கைக்கு எட்டுவது நான்காவது நிபந்தனைதான். எந்தப் பூட்டை முதலில் எடுப்பது, எதை அடுத்து எடுப்பது என்று ஒரு வரிசையை வகுத்து, எல்லாப் பாதைகளும் அந்த வரிசைப்படியே நடந்தால் வட்டம் உருவாகவே முடியாது. இந்த வரிசையை எழுதி வைக்க வேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். மெமரி பிரிவில் ஃபைல்மேப், ஆர்மேப் என்ற இரண்டு மூலக்கோப்புகளின் தலைப்பகுதியைத் திறந்து பாருங்கள். எந்தப் பூட்டுக்குள் எந்தப் பூட்டு என்பது, உள்தள்ளிய வரிகளாக, ஒரு நீண்ட குறிப்பில் எழுதப்பட்டிருக்கும். உங்கள் டிரைவரில் இரண்டே பூட்டுகள் இருந்தாலும் அப்படி ஒரு குறிப்பு இருக்கட்டும்.

கேள்வி: ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பொருள்களை ஒன்றாகப் பூட்ட வேண்டியிருந்தால் எது முதலில்?

பதில்: மாறாத ஏதேனும் ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்யுங்கள், பெரும்பாலும் நினைவக முகவரியே போதும், சிறிய முகவரி முதலில் என்று. ஒரு கோப்பை ஒரு டைரக்டரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இரண்டு டைரக்டரிகளையும் பூட்ட வேண்டும். அங்கே முன்னோர் டைரக்டரி முதலில், வழித்தோன்றல் பிறகு என்பது விதி. ஆனால் யார் முன்னோர் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் மரத்தின் அமைப்பை மாற்றிவிடலாம் என்பதால், அந்த ஃபைல் சிஸ்டம் முழுமைக்கும் பொதுவான ஒரு மியூடெக்ஸை (காத்திருப்பவரை உறங்கவைக்கும் பூட்டு) முன்னதாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

வரிசையை முன்கூட்டியே அறிய முடியாத இடங்களும் உண்டு. கிராஃபிக்ஸ் டிரைவருக்குப் பயனர் நிரல் எந்த வரிசையில் பஃபர்களைக் கொடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகவே 2013-இல் வெளிவந்த 3.11 பதிப்பில் டபிள்யூடபிள்யூ மியூடெக்ஸ் சேர்க்கப்பட்டது. அதில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு மூப்பு உண்டு. இரண்டு மோதிக்கொண்டால் இளையது தான் எடுத்த எல்லாப் பூட்டுகளையும் விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் டிரைவரில் ஒரு ஸ்பின்லாக் (கிடைக்கும் வரை சுழன்றபடி காத்திருக்கும் பூட்டு) இருக்கிறது, இன்டரப்ட் ஹேண்ட்லரும் (சாதனம் குறுக்கிடும்போது ஓடும் ஃபங்ஷன்) அதையே எடுக்கிறது. சோதனையில் ஒரு குறையும் தெரியவில்லை, வாடிக்கையாளரிடம் மட்டும் எப்போதாவது இயந்திரம் உறைந்துவிடுகிறது. எல்லா இடத்திலும் ஐஆர்க்யூசேவ் (பூட்டும்போது அந்த சிபியுவின் இன்டரப்ட்டுகளையும் மூடும் வடிவம்) போட்டுவிடலாமா?

பதில்: நடப்பது இதுதான். மூன்றாவது சிபியுவில் ஓடும் சாதாரணக் குறியீடு பூட்டை எடுக்கிறது. விடுவதற்குள் அதே சிபியுவில் இன்டரப்ட் வருகிறது. ஹேண்ட்லர் அதே பூட்டைக் கேட்டுச் சுழல்கிறது. ஹேண்ட்லர் முடியும் வரை, பூட்டை வைத்திருக்கும் குறியீடு ஓட முடியாது. அது ஓடாமல் பூட்டு விடுபடாது. இன்டரப்ட் வேறொரு சிபியுவுக்குப் போயிருந்தால் அது சில மைக்ரோ விநாடிகள் சுழன்று காத்திருந்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கும். அதனால்தான் சோதனையில் இது அகப்படவில்லை.

சாதாரணக் குறியீட்டில் ஐஆர்க்யூசேவ் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். ஹேண்ட்லர்களில் அந்தப் பூட்டை எடுப்பது அந்த ஒன்று மட்டுமே என்றால் அதற்குள் வெறும் ஸ்பின்லாக் போதும். பூட்டைப் பகிர்வது சாஃப்ட்ஐஆர்க்யூவுடன் (ஹேண்ட்லர் பின்னுக்குத் தள்ளிப்போடும் வேலை) மட்டும் என்றால், அதை மட்டும் மூடும் பிஎச் வடிவம் போதுமானது. எல்லா இடத்திலும் போட்டால் இன்டரப்ட்டுகள் தேவையின்றித் தாமதமாகும் என்பதோடு, எந்தப் பூட்டு எந்தச் சூழலில் எடுக்கப்படுகிறது என்பதைப் படிப்பவர் அறிந்துகொள்ளவே முடியாமல் போகும். ‘சேவ்’ இல்லாத ஐஆர்க்யூ வடிவத்தில் கவனம் தேவை: பூட்டை விடும்போது அது இன்டரப்ட்டுகளை முன்பின் பாராமல் திறந்துவிடும். உங்களை அழைத்தவர் அவற்றை மூடி வைத்திருந்தால் அவருடைய பாதுகாப்பு அந்த இடத்திலேயே போய்விடும்.

கேள்வி: லாக்டெப் ‘வட்டச் சார்பு ஏற்படக்கூடும்’ என்று எச்சரிக்கிறது. ஆனால் இயந்திரம் ஒருமுறைகூட நின்றதில்லை. இது பொய் எச்சரிக்கைதானே?

பதில்: பெரும்பாலும் இல்லை. இங்கோ மோல்னாரின் முயற்சியில் 2006-இல் 2.6.18 பதிப்பில் சேர்ந்த இந்தக் கருவி, டெட்லாக் நிகழ்வதற்காகக் காத்திருப்பதில்லை. பூட்டுகளை வகைகளாகப் பிரித்து, எந்த வகையைப் பிடித்தபடி எந்த வகை எடுக்கப்பட்டது என்பதை வரைபடமாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. பூட் ஆகும்போது ஒரு முறை ‘அ’வைப் பிடித்தபடி ‘ஆ’ எடுக்கப்பட்டு, பல மணி நேரம் கழித்து வேறொரு த்ரெட்டில் ‘ஆ’வைப் பிடித்தபடி ‘அ’ எடுக்கப்பட்டால், இரண்டும் ஒரே கணத்தில் நேராவிட்டாலும் அது கண்டுபிடித்துவிடும். எந்தச் சோதனையாலும் தர முடியாத உதவி இது. கெர்னல் எழுதுபவர் ஒவ்வொருவரும் தம் சோதனை இயந்திரத்தில் இதை இயக்கியே வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறிக்கையைப் படிக்கும்போது முதலில் அடிப்பகுதிக்குப் போங்கள். சிபியு0, சிபியு1 என்று இரண்டு பத்திகளாக, பூட்டுகள் எந்த வரிசையில் எடுக்கப்பட்டால் சிக்கல் வரும் என்று வரைந்து காட்டியிருக்கும். அதைப் புரிந்துகொண்ட பிறகு மேலே வந்து, ஒவ்வொரு சார்பும் எந்த ஃபங்ஷனில் உருவானது என்று பாருங்கள். முதல் எச்சரிக்கையைத் தந்ததும் லாக்டெப் தன்னை நிறுத்திக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. தெரிந்த பழைய எச்சரிக்கை என்று ஒன்றைச் சரிசெய்யாமல் விட்டுவைத்தால், அதன் பின்னால் வரும் புதியவை எதுவும் தெரியாது.

உண்மையிலேயே பொய் எச்சரிக்கை வருவதும் உண்டு. ஒரே வகைப் பூட்டுகளைப் பெற்றோர், பிள்ளை என்று படிநிலையில் எடுக்கும்போது அப்படி நேரும். அதற்கு ‘நெஸ்டட்’ வடிவம் இருக்கிறது. அந்தப் படிநிலை மாறவே மாறாது என்று நிறுவ முடிந்தால் மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: நான் எடுப்பது ஒரே ஒரு பூட்டு. அப்படியும் ஃபைல் சிஸ்டம் தொங்கிவிடுகிறது. எப்படி?

பதில்: பூட்டைப் பிடித்தபடி ஜிஎஃப்பி கெர்னல் கொடியுடன் (நினைவகம் கேட்கும் வழக்கமான முறை) நினைவகம் கேட்கிறீர்களா என்று பாருங்கள். நினைவகம் குறைவாக இருந்தால் கெர்னல் பழைய பக்கங்களையும் ஐநோடுகளையும் (கோப்புகளின் விவரப் பதிவுகள்) விடுவிக்க முனையும். அதற்காக உங்கள் ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே திரும்ப நுழைந்து, நீங்கள் பிடித்திருக்கும் அதே பூட்டைக் கேட்கும். நினைவகம் தாராளமாக உள்ள இயந்திரத்தில் இது வெளியே தெரியாது. ஒவ்வொரு அழைப்பிலும் ஜிஎஃப்பி நோஎஃப்எஸ் கொடியை (ஃபைல் சிஸ்டத்துக்குள் நுழையாதே என்பது) தூவுவதைவிட, 2017 முதல் இருக்கும் மெம்அலாக் நோஎஃப்எஸ் சேவ், ரெஸ்டோர் இணையால் அந்தப் பகுதி முழுவதையும் சூழ்ந்துவிடுவது நல்லது.

வொர்க்க்யூவும் (வேலைகளைப் பிறகு வேறொரு த்ரெட்டில் ஓட்டும் வரிசை) இதே குறையைத் தரும். மியூடெக்ஸைப் பிடித்தபடி ஒரு வேலை முடியும் வரை காத்திருக்கிறீர்கள், அந்த வேலையோ அதே மியூடெக்ஸுக்காகக் காத்திருக்கிறது. டிரைவரை அகற்றும் ஃபங்ஷனில் இது அடிக்கடி காணப்படுகிறது.

கேள்வி: மியூடெக்ஸா, ஸ்பின்லாக்கா?

பதில்: உறங்க நேரிடும் எந்த வேலையும் உள்ளே இருந்தால் மியூடெக்ஸ். இன்டரப்ட்டுடன் பகிர வேண்டியிருந்தால் ஸ்பின்லாக். 2024-இல் 6.12 பதிப்பில் பிரதானக் கெர்னலில் சேர்ந்த ஆர்டி (நிகழ்நேர) அமைப்பில் சாதாரண ஸ்பின்லாக்கும் உறங்கக்கூடியதாகிவிடுகிறது; ரா ஸ்பின்லாக் மட்டுமே உண்மையில் சுழலும்.

கேள்வி: இவ்வளவு சிரமத்துக்கு ஒரே பெரிய பூட்டை வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: லினக்ஸ் அப்படித்தான் இருந்தது. 1996-இல் 2.0 பதிப்பு பல சிபியுக்களை ஏற்றபோது பிகேஎல் என்ற ஒற்றைப் பூட்டு வந்தது; அதை முழுமையாக அகற்ற 2011-இல் 2.6.39 வரை ஆயிற்று. வேகக் குறைவு ஒருபுறம் இருக்க, அகற்றுவதற்கு அத்தனை காலம் ஆனதற்குப் பெரிய காரணம், அந்தப் பூட்டு ஒவ்வோர் இடத்திலும் எந்தத் தரவைக் காக்கிறது என்பது எழுதப்படாமல் இருந்ததுதான்.

கேள்வி: இயந்திரம் ஏற்கெனவே தொங்கிவிட்டது. மறுபடி பூட் செய்வதற்குமுன் எதைச் சேகரிக்க வேண்டும்?

பதில்: கன்சோல் பதிவில், ஒரு டாஸ்க் 120 விநாடிகளுக்கு மேல் தடைபட்டு நிற்கிறது என்ற செய்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது இயல்பாக அமைந்திருக்கும் வரம்பு. அடுத்து, கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூ விசையுடன் ‘டபிள்யூ’ அழுத்தினால் தடைபட்ட டாஸ்க்குகளின் ஸ்டாக்குகள் கிடைக்கும். ‘எல்’ அழுத்தினால் ஒவ்வொரு சிபியுவும் அந்த நேரத்தில் எங்கே ஓடுகிறது அல்லது சுழல்கிறது என்பது தெரியும். லாக்டெப் சேர்த்துக் கட்டிய கெர்னலாக இருந்தால் ‘டி’ (d) அழுத்துங்கள். எந்த டாஸ்க் எந்தப் பூட்டை வைத்திருக்கிறது என்ற முழுப் பட்டியலும் வரும். கேடம்ப் அமைத்திருந்தால் கடைசியாக ‘சி’ அழுத்தி நினைவகத்தின் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். அது கெர்னலை வேண்டுமென்றே வீழ்த்துவதால் மற்றவற்றை அதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.