அக்கறை இல்லாத பெற்றோரா?

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் ஒரு புறநகரில் வசிக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் பாதிக்கு மேல் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வழி), கறுப்பினப் பிள்ளைகள். ஆனால் அவள் போகும் ‘கிஃப்டட்’ (மீத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான தனி) வகுப்பில் நம்மவர்கள், சீனர்கள், வெள்ளையர்கள் மட்டுமே. தமிழ்ச் சங்க நண்பர்களிடம் கேட்டால், “அவங்க வீட்ல படிப்புல அக்கறை இல்லீங்க” என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த வகுப்புக்கான தேர்வை எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள் என்று உங்கள் நண்பர்களைக் கேட்டுப்பாருங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பல பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) ஆசிரியர் பரிந்துரைக்க வேண்டும், அல்லது பெற்றோர் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கோகேட் (CogAT) போன்ற சிந்தனைத்திறன் தேர்வே வரும். படிவத்துக்குக் கடைசித் தேதி உண்டு. நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தத் தேதி ஒரு மாதம் முன்பே சுற்றத் தொடங்கிவிடும். இரண்டு வேலை பார்க்கும், ஆங்கிலம் சரளமாக வராத ஒரு தாய்க்கு அப்படியொரு படிவம் இருப்பதே தெரியாது. மகனின் பெயர் பட்டியலில் ஏறவில்லை. ஆகவே அவன் தோற்கவும் இல்லை.

இது ஊகமல்ல. ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியில் 2005-இல் பரிந்துரைக்குக் காத்திராமல் இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வடிவப் புதிர்கள் கொண்ட, மொழி தேவைப்படாத ஒரு தேர்வை வைத்தார்கள். அதில் தேறியவர்களை ஐக்யூ சோதனைக்கு அனுப்பினார்கள். தகுதி மதிப்பெண்ணை மாற்றவில்லை: பொதுவாக 130, ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்கும் 116 என்று முன்பிருந்த விதியேதான். தேர்வான கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. புதிதாக வந்தவர்களில் பலர் எல்லையை ஒட்டி அல்ல, அதைத் தாண்டியே மதிப்பெண் பெற்றிருந்தார்கள். பிறகு நிதி நெருக்கடியில் எல்லாருக்குமான அந்தத் தேர்வை நிறுத்தினார்கள். எண்ணிக்கை பழையபடி இறங்கியது. அந்தச் சில வருடங்களுக்கு மட்டும் பெற்றோருக்கு அக்கறை வந்து போயிற்றா என்ன?

நம்மவர்களின் அக்கறையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பட்டமும் வேலை விசாவும் கொண்டு வடிகட்டி அனுப்பப்பட்ட கூட்டம் நாம். இட ஒதுக்கீடு பற்றி ஊரில் கேட்ட அதே பேச்சு இங்கே ஆங்கில உச்சரிப்போடு வருகிறது, அவ்வளவுதான்.

கிஃப்டட் வகுப்பைவிட நான் கவலைப்படுவது கணக்கைப் பற்றித்தான். பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் எடுக்கவேண்டுமானால் எட்டில் அல்ஜீப்ரா, ஒன்பதில் ஜியோமெட்ரி, பத்தில் இரண்டாம் அல்ஜீப்ரா, பதினொன்றில் ப்ரீகால்குலஸ் என்று போகவேண்டும். எட்டில் அல்ஜீப்ராவுக்கு ஆறிலேயே மேல்நிலைக் (அட்வான்ஸ்டு) கணக்குப் பிரிவில் இருக்கவேண்டும். ஆக, பதினோரு வயதில் யாரோ ஒருவர் போடும் பட்டியல் பொறியியல் கல்லூரி வரை செல்கிறது. நடுவில் ஏறவேண்டுமானால் கோடைக்காலப் பாடம் வேண்டும், அல்லது ஒரே ஆண்டில் இரண்டு கணக்கு வகுப்பு எடுக்கவேண்டும். இரண்டுமே வீட்டில் வசதியுள்ள பிள்ளைக்குத்தான் எளிது.

வடக்கு கரோலினா 2018-இல் இதைச் சட்டத்தால் சரிசெய்யப் பார்த்தது: மாநிலக் கணக்குத் தேர்வில் உச்ச நிலையில் மதிப்பெண் பெற்ற பிள்ளையை அடுத்த ஆண்டு மேல்நிலைப் பிரிவில் சேர்த்தே ஆகவேண்டும். உங்கள் டெக்சாஸில் 2023-இல் சட்டம் வந்தது. ஐந்தாம் வகுப்புக் கணக்கில் முதல் 40 சதவீதத்துக்குள் வருபவர்கள் ஆறில் தானாகவே மேல்நிலைக் கணக்கில் சேர்க்கப்படுவார்கள். வேண்டாமென்றால் பெற்றோர்தான் சொல்லவேண்டும். கேட்டால் கிடைக்கும் என்பது, மறுத்தால்தான் போகும் என்று மாறியிருக்கிறது. என் கணிப்பில், பத்து விழிப்புணர்வுக் கூட்டங்களைவிட இந்த ஒரு மாற்றம் பெரிது.

கெடுவது எங்கே? “உங்கள் பையனுக்குக் கஷ்டமாக இருக்கும்” என்று பள்ளியின் மாணவர் ஆலோசகர் ஒரு தொலைபேசி அழைப்பில் சொன்னால், பள்ளியை மதிக்கும் பெற்றோர் விலகல் படிவத்தில் கையெழுத்திட்டுவிடுவார்கள். சேர்த்துவிட்டு உதவி வகுப்பு வைக்காவிட்டால் பிள்ளை முதல் பருவத்திலேயே திணறும். ஆங்கிலம் கற்பவர்களுக்கான பாடவேளை மேல்நிலைக் கணக்கோடு மோதினால், கணக்குதான் விட்டுப்போகும்.

மறுபக்கத் தவறும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ 2014-இல் சமத்துவத்தின் பெயரால் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவையே யாருக்கும் இல்லாமல் எடுத்தது. பணமுள்ளவர்கள் வெளியே கட்டணம் கட்டிப் படித்துக்கொண்டார்கள். 2024-இல் வாக்காளர்கள் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள்.

பணம் தனிக் கதை. பள்ளிச் செலவில் ஒரு பெரிய பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. சான் அன்டோனியோ பெற்றோர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. உங்கள் கேள்வி ஒரே பள்ளிக்குள் நடப்பதைப் பற்றியது என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது இது. மத்திய அரசுக் கல்வித் துறையின் சிவில் உரிமைகள் அலுவலகம் பள்ளிவாரியாக, இனவாரியாக கிஃப்டட், எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா எண்ணிக்கைகளை இணையத்தில் வெளியிடுகிறது. சில ஆண்டுகள் பழையதாக இருக்கும். தொடங்க அது போதும். பிறகு மாவட்டத்துக்குப் பொதுத் தகவல் சட்டப்படி எழுதிக் கேளுங்கள்: பரிந்துரைக்கப்பட்டவர், தேர்வெழுதியவர், தேறியவர், ஆண்டு முடிவில் வகுப்பில் நீடித்தவர். கடைசி எண்ணை விட்டுவிடாதீர்கள். புதிதாக அறிக்கை தயாரித்துத் தரவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, ஆகவே கையிலிருக்கும் ஆவணங்களைக் கேளுங்கள். 10 வேலை நாட்களில் தர முடியாவிட்டால் எப்போது தருவார்கள் என்று எழுத்தில் சொல்லியாகவேண்டும். மிகச் சிறிய எண்ணிக்கைகளை மறைத்துவிடுவார்கள். நான்கைந்து பள்ளிகளைச் சேர்த்துக் கேட்டால் படம் தெளியும்.

அந்த எண்களோடு பள்ளி வாரியக் கூட்டத்தில் இரண்டே கோரிக்கை வையுங்கள்: தேர்வு எல்லாருக்கும், பள்ளி நேரத்திலேயே; விலகல் படிவம் ஸ்பானிஷிலும், அதன் விளைவு என்ன என்ற விளக்கத்தோடு. வசந்த காலத்துக்குள் கேட்டுவிடுங்கள். ஆகஸ்டில் போனால் கால அட்டவணை போட்டாயிற்று, ஆசிரியர் இல்லை என்பார்கள்.