மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கில் வந்தால் கிராமத்து ஏழைக் குடும்பத்தில் என்ன மாறும்?

வறுமை ஒழியாது. ஆயிரம் ரூபாய் இரண்டு மூன்று நாள் கூலிதான். ஆனால் கடன் வாங்கும் விதம் மாறும்.

எனக்குக் கம்பம் பக்கம். எங்கள் தெருப் பெண்கள் விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். மழை வலுத்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை. அந்த வாரத்து அரிசி மளிகைக்கடைப் பற்று நோட்டில் ஏறும். அதுவும் கிடைக்காவிட்டால் மாதம் நூற்றுக்கு அஞ்சு ரூபாய் வட்டிக்குக் கடன்.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகைதான் அந்த ஆயிரம் ரூபாய். அது மழை வெயில் பார்ப்பதில்லை. எதிர்வீட்டு அக்கா பணம் வந்ததும் முதலில் பற்றில் பாதியை அடைக்கிறார். "இப்பல்லாம் கடைக்காரர் கேக்காமலே சாமான் கட்டுறார் தம்பி" என்றார். என்னைக் கேட்டால், தொகையை விட அது தவறாமல் வருவதுதான் பெரிது. அதுவும் பெண்ணின் பெயரில்.

'குடித்தே தீர்த்துவிடுவார்கள்' என்பார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த உலக வங்கிப் பொருளியலாளர்கள், இப்படித் தரும் பணத்தால் மது, புகையிலைச் செலவு பொதுவாகக் கூடவில்லை என்றே கண்டார்கள்.

சரி, எல்லாருக்கும் கிடைக்கிறதா? விவசாயிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான பி.எம். கிசான் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருகிறது. ஆனால் பெயரில் நிலம் வேண்டும். ஜீப்பில் போகும் அக்காவுக்கு ஏது நிலம்? அப்புறம், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று ஆரம்பத்தில் அவர் கணக்கிலிருந்தே வங்கி கொஞ்சம் பிடித்துக்கொண்டது. அதைக் கேட்கப் போனதில் ஒருநாள் கூலியும் போச்சு.