அண்ணனுக்கு வந்தது பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: அண்ணனுக்கு 44 வயசு. காய்ச்சல்னு ரத்த டெஸ்ட் எடுத்ததுல வெள்ளை அணு ஒரு லட்சத்துக்கு மேல இருந்துச்சு, அப்புறம் சிஎம்எல்-ங்கிற ரத்தப் புற்றுநோய்னு சொல்லிட்டாங்க டாக்டர். ரிப்போர்ட்ல பிலடெல்ஃபியா குரோமோசோம் பாசிட்டிவ்னு இருக்கு, ஜீன் இடம் மாறிடுச்சாம். பரம்பரையா வருமோன்னு அண்ணி அழுதுட்டே இருக்காங்க, ரெண்டு பொண்ணுங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம்மா. இது பரம்பரை நோய் இல்லன்னு அண்ணிகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. அண்ணன் பிறக்கும்போது இந்த மாற்றம் அவருக்குக் கிடையாது. பின்னாடி எப்பவோ எலும்பு மஜ்ஜைல ரத்த அணுக்களை உண்டாக்குற ஒரே ஒரு ஸ்டெம் செல்லுல 9-ம் குரோமோசோமும் 22-ம் குரோமோசோமும் உடைஞ்சு துண்டை மாத்தி ஒட்டிக்கிச்சு, அதுல ஏபிஎல்-ங்கிற ஜீன் பிசிஆர் (BCR)-ங்கிற ஜீனோட சேர்ந்து புது ஜீன் ஒண்ணு உண்டாயிடுச்சு, அது செய்ற புரோட்டீன் ஆஃப் பண்ண முடியாத சுவிட்ச் மாதிரி செல்லைப் பெருக வச்சுட்டே இருக்கும். அந்த ஒரு செல்லோட வம்சம்தான் இவ்வளவு வெள்ளை அணுவும். விந்தணுல இந்த மாற்றம் இல்ல, அப்புறம் பொண்ணுங்களுக்கு எப்படிப் போகும்?

இப்படித் துண்டு போய் குட்டையாயிட்ட 22-ம் குரோமோசோமை 1960ல நோவெல், ஹங்கர்ஃபோர்டுன்னு ரெண்டு பேர் பிலடெல்ஃபியால பாத்தாங்க, அந்த ஊர் பேர்தான் ரிப்போர்ட்ல இருக்கு. துண்டு 9க்குப் போயிருக்குன்னு 1973ல சொன்னவங்க ஜேனட் ரவ்லி. அவங்க கண்டுபிடிப்புலேர்ந்து வந்ததுதான் அந்த புரோட்டீனையே அடைக்கிற இமாட்டினிப்-ங்கிற மாத்திரை, 2001ல அமெரிக்கால அனுமதி கிடைச்சுது. அதுக்கு பேடண்ட் தர முடியாதுன்னு 2013ல நம்ம சுப்ரீம் கோர்ட் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா, உள்ளூர் கம்பெனிங்க மாத்திரையை ரொம்பக் குறைஞ்ச விலைக்கு விக்க முடியுதுன்னா அதனாலதான்.

எனக்குப் பயமெல்லாம் வேற. சில வாரத்துல கவுண்ட் நார்மலாகும், உடம்பும் தெம்பாகும், உடனே சரியாயிடுச்சுன்னு மாத்திரையை விடுறவங்க நிறைய பேர். விட்டு விட்டு சாப்பிட்டா அந்த ஜீன் அளவு திரும்ப ஏறும், மருந்துக்கு அடங்காத மியூட்டேஷன்கூட தலைதூக்கலாம். குமட்டல், கால் பிடிப்பு, கண்ணைச் சுத்தி வீக்கம் வந்தா டாக்டர்கிட்ட சொல்லணும், தானா நிறுத்தக் கூடாது. சாப்பாட்டோட ஒரு பெரிய டம்ளர் தண்ணி வச்சு போடச் சொல்லுங்க, குமட்டல் குறையும். ரத்தத்துல அந்த புது ஜீனோட, அதாவது பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) அளவு 3 மாசத்துல 10 சதவீதத்துக்குக் கீழயும் ஒரு வருஷத்துல 0.1 சதவீதத்துக்கும் வந்தா நல்லபடியா போகுதுன்னு அர்த்தம். பொண்ணுங்களுக்கு டெஸ்ட் எடுக்கிற காசை இந்த டெஸ்டுக்கு எடுத்து வைங்கம்மா, 3 மாசத்துக்கு ஒரு தடவை தேவைப்படும்.