கல்ச்சர் டெஸ்ட்டில் கிருமியே இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் மாதக்கணக்கில் சிறுநீர்ப்பை வலிக்கிறது?

கிருமி இல்லாமலும் சிறுநீர்ப்பை வலிக்கும். ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்து, வேறு காரணமும் பிடிபடவில்லை என்றால், சிறுநீர்ப்பை வலி நோய்க்குறி என்பார்கள். பை நிறைய நிறைய வலி ஏறும், சிறுநீர் கழித்ததும் கொஞ்சம் தணியும். இதுதான் முக்கிய அடையாளம்.

காரணம் ஒன்றல்ல. பையின் உட்சுவரில் வழவழப்பான ஒரு பூச்சு உண்டு. சிறுநீரில் உள்ள உப்புகள் சுவருக்குள் இறங்காமல் தடுப்பது அதுதான். பலருக்கு இந்தப் பூச்சு நைந்துபோகிறது, பொட்டாசியம் உள்ளே கசிந்து நரம்பு நுனிகளைச் சீண்டுகிறது என்பது பரவலான விளக்கம். அங்குள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டி எரிச்சலைக் கூட்டுகின்றன. நாளாவட்டத்தில் தண்டுவடமும் மூளையும் வலியைப் பெரிதாக்கி உணரப் பழகி, அரைப் பை நிறைந்தாலே அபாய மணி அடிக்கத் தொடங்கும். அப்புறம் இடுப்படித் தசைகளும் இறுகிக்கொள்ளும், அது தனி வலி.

சிலருக்கு மட்டும் சுவரில் சிவந்த புண்கள் தெரியும். பால்டிமோர் மருத்துவர் கை ஹன்னர் 1915-ல் விவரித்ததால் அவை ஹன்னர் புண்கள். இவர்களுக்குப் புண்ணைச் சுட்டு எடுத்தாலே நல்ல நிவாரணம் கிடைப்பதுண்டு. அதனால், கிருமியே இல்லாதபோது ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றி விழுங்குவதைவிட, சிறுநீரியல் மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்), கேமரா வைத்த மெல்லிய குழாயைப் பைக்குள் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி தேவையா என்று கேளுங்கள். சிறுநீரில் ரத்தம் வந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.