வீட்டுத் தயாரிப்புகளுக்கு ஒரு சிறு கடை: பணத்தை எதில் போடுவது?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வாடகைக்கு ஒரு கடை பார்த்திருக்கிறேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டில் செய்யும் வத்தல், முறுக்கு, பொடி வகைகளோடு பத்தமடைப் பாயும் விற்க ஆசை. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. எப்படித் தொடங்கலாம்?

பதில்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். வாடகை, கரண்ட், சில்லறைச் செலவு எல்லாம் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 80 ரூபாய்க்கு வாங்கியதை 100 ரூபாய்க்கு விற்றால் 20 ரூபாய் நிற்கும். அப்படியானால் மாதம் 50,000 ரூபாய்க்கு வியாபாரம் நடந்தால்தான் கையைக் கடிக்காது. 26 நாள் திறந்தால் நாளுக்குச் சுமார் 1,900 ரூபாய். உங்கள் கூலி இதில் இல்லை! சாயங்காலம் அந்தத் தெருவில் நின்று, எத்தனை பேர் பையோடு போகிறார்கள் என்று பாருங்கள்.

சரி, சரக்குக்கு வருவோம். எல்லாவற்றையும் ரொக்கம் கொடுத்து வாங்கினால் பணம் அலமாரியில் முடங்கிவிடும். முறுக்கு, பொடி வகைகளை வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் எடுங்கள். முறுக்கில் சிக்கு வாடை வந்தால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். வத்தலைச் சித்திரை வெயிலில் போடும்போதே பேசி வாங்கலாம். ஐப்பசி மழையில் நமுக்காதபடி காற்றுப்புகாத டின் வேண்டும். பாய்க்கு விற்றபின் காசு என்று நெசவாளரிடம் பேசுங்கள். கோரையை மெல்லிசாகக் கிழித்து நெய்யும் நைஸ் பாய் விலை கூடியது, மெதுவாகத்தான் போகும். மாதிரிக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொண்டு, மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய்க்கு முன்பணத்தோடு ஆர்டர் பிடிப்பதே நல்ல வழி. விற்காமல் திரும்பும் சரக்கின் நஷ்டம் யார் தலையில் என்பதை முதல் நாளே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தக்காரராக இருந்தாலும்தான்.

உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கடைக்கும் வேண்டும், செய்து தருபவருக்கும் வேண்டும். பாக்கெட்டில் சேர்மானம், எடை, விலை, தயாரித்த தேதி, கெடு தேதி, தயாரிப்பாளர் முகவரி, பதிவு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் இருக்கவேண்டும். எடைபோட்டு விற்பதானால் தராசில் தொழிலாளர் துறை முத்திரை வேண்டும். பிளாஸ்டிக் கேரிபேக் 2019 முதலே தடை. உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஜி.எஸ்.டி.? தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாகக் கட்டாயமில்லை. கேரளாவுக்குப் பார்சல் அனுப்பும் எண்ணம் வந்தால் மட்டும் முதலில் ஒரு கணக்காளரைப் பாருங்கள்.